பேஸ் கேட்கிற கேள்வி

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேற்று ராத்திரி நீ அனுப்பிய குரல் பதிவை மூன்று தடவை கேட்டேன். ஒரு வாரமாக ஜாஸும் ஃப்யூஷனுமாகக் கேட்டுத் தள்ளியிருக்கிறாய். கடைசியில், “இவங்க வாசிக்கிறதைக் கேட்டா கிதாரை உறையில போட்டு மூடிடலாம்போல இருக்கு மாமா” என்கிறாய். போனில் இரண்டு வார்த்தை தைரியம் சொல்லி முடித்திருக்கலாம். எனக்கு மனசு ஒப்பவில்லை. இதை உட்கார்ந்து நிதானமாகத்தான் சொல்ல வேண்டும்.

ஏழு நாளில் முப்பத்திரண்டு ஆல்பம் என்று கணக்குச் சொன்னாய். கல்யாணப் பந்தியில் முப்பத்திரண்டு இலையில் உட்கார்ந்து எழுந்து, ஒவ்வொன்றிலும் ஒரு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு வந்த மாதிரி இருக்கிறது. வயிறும் நிறைந்திருக்காது, எதன் ருசியும் நாக்கில் நின்றிருக்காது. களைப்புதான் மிஞ்சும். உன் விரலில் ஒரு குறையும் இல்லை பாப்பா. கேட்ட விதத்தில்தான் சிக்கல்.

ஒரே ஒரு ரெக்கார்டை எடுத்துக்கொள். அதில் ஒரு துண்டை வாய்விட்டுப் பாட வரும்வரை கேள். பாட வந்த பிறகு கிதாரைத் தொடு. கேட்கிற நேரத்தையும் சாதக நேரத்தில் சேர்த்துக்கொள். நம் பக்கத்தில் கேள்வி ஞானம் என்பார்கள். குருவிடம் உட்கார்ந்து படிக்காமல் காதாலேயே சேர்த்துக்கொண்ட ஞானம். சிலர் அதைக் கொஞ்சம் இளக்காரமாகவும் சொல்வதுண்டு. ஜாஸில் பெரியவர்கள் பலருக்கு அதுதான் பள்ளிக்கூடம், ரெக்கார்டுதான் வாத்தியார்.

வெஸ் மாண்ட்காமரியை எடுத்துக்கொள். அமெரிக்காவில் இண்டியானாபொலிஸ்காரர். இருபது வயதை ஒட்டித்தான் கிதாரில் முழுமூச்சாக இறங்கினார். அதற்குக் காரணம் சார்லி கிறிஸ்டியனின் ரெக்கார்டுகள். சார்லி கிறிஸ்டியன் 1942-இல் தன் 25-ஆவது வயதிலேயே இறந்துபோன கிதார் மேதை. அவர் வாசித்திருந்த தனிகளை வெஸ் ரெக்கார்டில் கேட்டுக் கேட்டு, ஒவ்வொன்றாக விரலுக்குக் கொண்டுவந்தார். நோட்டேஷன் வாசிக்கத் தெரியாது. பகலில் தொழிற்சாலை வேலை, ராத்திரி சாதகம். தூங்குகிறவர்களுக்குத் தொந்தரவாகக் கூடாது என்று பிளெக்ட்ரத்தை வைத்துவிட்டுக் கட்டைவிரல் சதையால் மீட்டினார். உலகம் பிறகு கொண்டாடிய அந்தப் பஞ்சு போன்ற நாதம் அப்படி வந்ததுதான். முதன்முதலில் கிளப்பில் வாசிக்க இடம் கிடைத்தபோது அவருக்குத் தெரிந்ததெல்லாம் சார்லி கிறிஸ்டியனின் தனிகள் மட்டும். அவற்றை வாசித்துவிட்டு இறங்கிவிடுவாராம். ஒருவரிடமிருந்து முழுதாக வாங்கிக்கொண்டதால், பிறகு தனக்கென்று ஒன்று முளைத்தது.

உனக்கு நான் சொல்கிற ஒரு ரெக்கார்டு மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் புளூ’. எல்லோரும் சொல்கிற பெயர்தான், அதனால் தள்ளிவிடாதே. எனக்கு அது வந்து சேர்ந்த கதையை உன்னிடம் சொன்னதில்லை.

1986. எனக்கு இருபது வயது. மெல்லிசைக் குழுவில் பேஸ் வாசித்துக்கொண்டிருந்தேன். நண்பனின் அண்ணன் கப்பலில் வேலை பார்த்தவர், ஊருக்கு வந்தபோது அந்த எல்.பி.யைக் கொண்டுவந்தார். அதை அறுபது நிமிஷக் கேசட்டில் பதிந்து கொடுத்தார். வீட்டுக்கு ஓடிவந்து டேப் ரெக்கார்டரில் போட்டு, கூடவே பேஸை எடுத்தேன். ஒட்டவே இல்லை. டேப்பில் வருவது ஒரு நூல் ஏறியே இருந்தது. மெஷின் வேகமாக ஓடுகிறது என்று பின்மூடியைக் கழற்றினேன். அந்த மோட்டாரின் முதுகில் சின்னத் துளை ஒன்று இருக்கும். அதற்குள் மெல்லிய ஸ்குரூ டிரைவரை விட்டுத் திருகினால் வேகம் கூடும், குறையும். மூச்சைப் பிடித்துக்கொண்டு திருகித் திருகி முதல் பக்கத்தை என் சுருதிக்குக் கொண்டுவந்தேன். சந்தோஷமாகக் கேசட்டைத் திருப்பிப் போட்டால் இரண்டாம் பக்கம் இறங்கிப்போயிருந்தது. அதைச் சரிசெய்தால் முதல் பக்கம் மறுபடி ஏறியது. ஒரு மாதம் இதே பாடு. என் காதில்தான் கோளாறு என்று முடிவுகட்டினேன். குழுவில் யாரிடமும் வாய் திறக்கவில்லை. தெரிந்தால் வாசிக்க விடமாட்டார்களோ என்று பயம்.

பல வருஷம் கழித்து ஒரு பத்திரிகையில் படித்தேன். அந்த ஆல்பம் நியூயார்க்கில், ஒரு காலத்தில் தேவாலயமாக இருந்த கட்டடத்தில் கொலம்பியா கம்பெனி வைத்திருந்த ஸ்டுடியோவில், 1959-இல் இரண்டே நாளில் பதிவானது. மார்ச் 2-ஆம் தேதி முதல் பக்கத்தின் மூன்று உருப்படிகள், ஏப்ரல் 22-ஆம் தேதி இரண்டாம் பக்கம். மார்ச் 2 அன்று பதிவு மெஷின் கொஞ்சம் மெதுவாக ஓடியிருக்கிறது. மெதுவாக ஓடிய நாடாவைச் சரியான வேகத்தில் போட்டால் சுருதி ஏறித்தானே கேட்கும்? அப்படியே அச்சாகி உலகமெல்லாம் போயிற்று. அன்று கூடவே ஓடிய இன்னொரு மெஷினின் நாடாவை வைத்து 1992-இல்தான் திருத்தி வெளியிட்டார்கள். முப்பத்து மூன்று வருஷம்! அதைப் படித்த அன்று எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. என் காது சொன்னது சரிதான். அதை நம்பத்தான் எனக்குத் தெரியவில்லை. உன் காதும் ஏதாவது சொல்லும், பாப்பா. சொல்லும்போது உடனே அதன் வாயை அடைக்காதே.

இப்போது முதல் உருப்படி ‘ஸோ வாட்’டைப் போட்டுக்கொள். ஒன்பது நிமிஷத்துக்குச் சற்று மேல். போனின் ஸ்பீக்கரில் வேண்டாம், பேஸ் காதில் விழாது. நல்ல இயர்போன் போட்டுக்கொள்.

முதலில் பியானோவும் பேஸும் தாளக் கட்டில்லாமல் கொஞ்சம் தயங்கித் தயங்கிப் பேசிக்கொள்ளும். பிறகு பால் சேம்பர்ஸ் பேஸில் ஒரு கேள்வி கேட்பார். பில் எவன்ஸ் பியானோவில் இரண்டே இரண்டு கார்டில் பதில் சொல்வார். திரும்பக் கேள்வி, திரும்ப அதே பதில். கொஞ்ச நேரத்தில் டிரம்பெட்டும் இரண்டு சாக்ஸபோனும் அந்தப் பதிலில் சேர்ந்துகொள்ளும். மெட்டைப் பேஸ் எடுக்கிறது, மற்றவர்கள் பின்பாட்டு. மெல்லிசைக் குழுவில் மூலையில் நின்று கொண்டிருந்த எனக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்.

நீ எட்டு வருஷம் பாட்டுக் கற்றவள். அதனால் உனக்கு இங்கே ஒரு கதவு தானாகத் திறக்கும். டி ஸ்வரத்தை ஷட்ஜமாக வைத்துக் கரகரப்பிரியா ஆரோகணம் பாடு. ‘ஸோ வாட்’டின் முதல் பதினாறு பாருக்கும் அடித்தளம் அந்த ஏழு ஸ்வரங்கள்தான். அவர்கள் டோரியன் என்பார்கள். கமகம் கிடையாது, ராகமாக அதை நடத்துவதும் இல்லை, ஆனாலும் ஸ்வரஸ்தானங்கள் ஒன்றே. பதினேழாவது பாரில் மொத்தக் கட்டடமும் ஒரு ஸ்வரஸ்தானம் மேலே ஏறுகிறது. அங்கே எட்டு பார் இருந்துவிட்டு, பழைய இடத்துக்கு இறங்கி இன்னும் எட்டு பார். ஆக முப்பத்திரண்டு பார், பாருக்கு நான்கு அடி. நம் கச்சேரியில் தம்புராவில் சேர்த்த சுருதி மங்களம் வரை அசையாது. ஷட்ஜமே எழுந்து நடப்பது உனக்கு முதலில் தூக்கிவாரிப் போடும். அதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

கையில் ஆதி தாளம் போட்டுக்கொண்டு கேள். ஒரு முழுச் சுற்றுக்குப் பதினாறு ஆவர்த்தனம் வரும். எட்டு கீழே, நாலு மேலே, நாலு மறுபடி கீழே. ஒரு சுற்று ஓட ஒரு நிமிஷம்கூட ஆகாது. மைல்ஸ் டிரம்பெட்டில் இரண்டு சுற்று வாசிப்பார், சாக்ஸபோனில் ஜான் கோல்ட்ரேன் இரண்டு, கேனன்பால் ஆடர்லி இரண்டு, பில் எவன்ஸ் ஒன்று. நடுவில் இடம் தப்பாமல், எந்த ஆவர்த்தனத்தில் இருக்கிறோம் என்று தெரிந்துகொண்டே கடைசிவரை போக முடிகிறதா பார். முதல் நாள் முடியாது. எனக்குக் கோல்ட்ரேனின் இடத்தில் தப்பிப்போகும். பத்து நாள் ஆயிற்று. அந்தப் பத்து நாளும் நான் பேஸைத் தொடவே இல்லை. பதினோராம் நாள் குழுவில் வாசித்தபோது, இரண்டாவது சரணம் எங்கே முடிகிறது என்று கண்டக்டரின் கையைப் பார்க்காமலே எனக்குத் தெரிந்தது.

இடம் பிடிபட்ட பிறகு ஆளைப் பிடி. மைல்ஸ் நுழைகிற தருணத்தில் ஜிம்மி காப் சிம்பலில் ஓர் அடி போடுவார். அந்த ஓசை மெல்லக் கரைந்துகொண்டே இருக்கும், அதன் மேல் டிரம்பெட் காலை வைத்து நடக்கும். அதை மட்டும் இருபது தடவை கேட்டிருப்பேன். மைல்ஸ் சில ஸ்வரம் வாசித்துவிட்டு விட்டுவிடுவார். அந்த விட்ட இடத்தில் பேஸ் நடப்பது கேட்கும், பியானோ ஒரு சொல் சொல்வது கேட்கும். பிறகு மறுபடி கொஞ்சம். இந்தத் தடவை அவர் வாசித்ததை விட்டுவிட்டு, சும்மா இருந்த இடங்களை மட்டும் விரல் விட்டு எண்ணு. நீ போன மாதம் அனுப்பிய பதிவை அதற்குப் பக்கத்தில் போட்டுக் கேள். உன் வாசிப்பில் மூச்சு விட இடமே இல்லை, கண்ணு. பாடுகிறபோது மூச்சு தானாக வந்து நிறுத்தும், கிதார் அப்படி நிறுத்தாது. நாம்தான் நிறுத்த வேண்டும்.

அதே ஏழு ஸ்வரத்தில், அதே முப்பத்திரண்டு பாரில், கோல்ட்ரேன் வந்தவுடன் வெள்ளம் வந்த மாதிரி இருக்கும். இரண்டும் சரி. உனக்கு எது பிடிக்கிறது என்று இப்போதே முடிவுசெய்ய வேண்டாம்.

அடுத்தது பாடுவது. லென்னி டிரிஸ்டானோ என்று பார்வையில்லாத பியானோ வித்துவான் ஒருவர் நியூயார்க்கில் பாடம் சொல்லிக்கொடுத்தார். ரெக்கார்டில் உள்ள தனியை முதலில் பாடிக் காட்ட வேண்டும், பிறகுதான் வாத்தியத்தில் வாசிக்கலாம் என்பது அவர் போட்ட சட்டம். லெஸ்டர் யங்கின் சாக்ஸபோன் தனிகளை மாணவர்கள் மூச்சு விடும் இடம் உட்பட அப்படியே பாடுவார்கள். வீணை கற்கப் போனால் முதலில் பாடு என்று சொல்லுவார்களே, அதே வழி. குரலில் நின்ற ஸ்வரம் விரலைத் தேடி வரும். விரலில் மட்டும் நிற்கிற ஸ்வரம் பழகின பாதையிலேயே ஓடும், உனக்கும் அது தெரியும். மைல்ஸின் முதல் எட்டு பாரை மட்டும் பாடு. பஸ்ஸில் முணுமுணு. குளிக்கும்போது பாடு. பிசகாமல் வருகிற அன்றைக்குக் கிதாரை எடு. அரை மணியில் அது விரலுக்கு வந்துவிடும், நீயே ஆச்சரியப்படுவாய்.

வேகமான துண்டாக இருந்தால் யூடியூபில் வேகத்தைப் பாதியாக்கிக்கொள். இப்போது வேகம் குறைந்தாலும் சுருதி இறங்குவதில்லை. எங்கள் காலத்தில் வேகம் பாதியானால் சுருதியும் ஒரு ஸ்தாயி கீழே போய்விடும், அதை மனசுக்குள் மேலே தூக்கிப் பாட வேண்டும். அதுவும் ஒரு பயிற்சியாகத்தான் இருந்தது.

வேகம் என்றதும் நீ அழுத விஷயம் நினைவுக்கு வருகிறது. கோல்ட்ரேனின் ‘ஜெயண்ட் ஸ்டெப்ஸ்’ கேட்டுவிட்டுத்தானே மனசு விட்டுப்போயிற்று? அதே ரெக்கார்டை இன்னொரு தடவை போடு. இந்த முறை கோல்ட்ரேனை விட்டுவிட்டு, அவருக்குப் பிறகு வருகிற பியானோவைக் கேள். வாசிப்பது டாமி ஃபிளானகன். சாமானியர் இல்லை, அந்த நாளில் நியூயார்க்கில் எல்லோரும் கூட வைத்துக்கொள்ள ஆசைப்பட்ட கை. 1959 மே மாதம் பதிவு. மூன்று சுருதிகளுக்கு இடையே தாவித் தாவி ஓடுகிற கட்டமைப்பு, தலைதெறிக்கிற வேகம். ஃபிளானகன் ஆரம்பிப்பார், நடுவில் சரடு அறும், வரிகள் துண்டாகும், கடைசியில் கார்டுகளை மட்டும் வைத்துக்கொண்டு கரையேறுவார். அது அப்படியே அச்சாகி, இன்றுவரை லட்சக்கணக்கானவர்கள் காதில் விழுந்துகொண்டிருக்கிறது. 1982-இல், கோல்ட்ரேன் இறந்து பதினைந்து வருஷம் ஆன பிறகு, அவர் நினைவாக ஃபிளானகன் ஒரு ஆல்பம் பதிவுசெய்தார். அதில் அதே ‘ஜெயண்ட் ஸ்டெப்ஸ்’ இருக்கிறது. நிதானமாக, தெளிவாக, அழகாக. இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கேள். நடுவில் இருப்பது இருபத்து மூன்று வருஷம். உனக்கு வயது பதினேழு.

ஃப்யூஷன் பக்கம் வருகிறேன். இங்கே ஒன்றைத் தெரிந்துவைத்துக்கொள். ரெக்கார்டில் கேட்பதெல்லாம் ஒரே மூச்சில் வாசித்ததாக இருக்க வேண்டியதில்லை. 1969 பிப்ரவரியில் மைல்ஸ் ‘இன் எ சைலண்ட் வே’ பதிவுசெய்தார். தயாரிப்பாளர் டியோ மசேரோ நாடாவை வெட்டி ஒட்டித்தான் ஆல்பத்தை உருவாக்கினார். இரண்டாம் பக்கத்தின் தொடக்கமும் முடிவும் ஒரே வாசிப்பு. முன்னால் வந்த நாடாவையே பிரதி எடுத்துப் பின்னால் ஒட்டியிருக்கிறார். தெரியாமல் கேட்பவர்கள், எப்படி இவ்வளவு துல்லியமாகத் திரும்ப வாசித்தார்கள் என்று வியந்துபோவார்கள். உன் ஒரு மணி நேர வாசிப்பை இந்த மாதிரி ரெக்கார்டோடு நிறுத்துப் பார்க்காதே.

அந்த ஆல்பத்தில் கிதார் ஜான் மெக்லாஃப்லின். இங்கிலாந்திலிருந்து வந்து இறங்கியிருந்த புதுசு. அவருடைய வேகத்துக்கு ஈடு கிடையாது. ஆனால் அன்று மைல்ஸ் அவரிடம், கிதார் வாசிக்கவே தெரியாதவனைப் போல வாசி என்று சொன்னாராம். மெக்லாஃப்லினே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ‘இன் எ சைலண்ட் வே’ மெட்டு தொடங்கும்போது அந்தக் கிதாரைக் கேள். ஒவ்வொரு ஸ்வரமாக, இருட்டில் சுவரைத் தடவிப் போகிற மாதிரி. நீ கிதார் வாங்கின முதல் மாதம் அப்படித்தான் வாசித்தாய், எனக்கு நினைவிருக்கிறது.

அதே மெக்லாஃப்லின் பிறகு மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ராவில் மின்சாரக் கிதாரை அதிரவைத்தார். அப்புறம் அதையும் வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து ‘சக்தி’ குழுவைத் தொடங்கினார். வயலினில் எல். சங்கர், தபலாவில் ஜாகிர் உசேன், கடத்தில் நம் விக்கு விநாயக்ராம். சும்மா மேடையில் சேர்ந்து நின்ற கூட்டு இல்லை அது. வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் எஸ். ராமநாதனிடம் மெக்லாஃப்லின் வீணை கற்றிருந்தார். தந்தியை அழுத்தி இழுக்க வசதியாக, கிதாரின் மெட்டுகளுக்கு இடையே மரத்தைக் குழித்துச் செய்துகொண்டார். கூட ஒலிக்க ஏழு துணைத் தந்திகள் வேறு. அவர்களின் முதல் ஆல்பம் 1975 ஜூலை 5-ஆம் தேதி அமெரிக்காவில் லாங் ஐலண்டில் ஒரு கல்லூரிக் கச்சேரியில் நேரடியாகப் பதிவானது. முதல் உருப்படி ‘ஜாய்’, பதினெட்டு நிமிஷம். கிதாரைத் துரத்திக்கொண்டு ஓடாதே. முதல் நாள் கடத்தை மட்டும் கேள். கிதாரும் வயலினும் சேர்ந்து ஓடுகிற இடங்களில் நின்று, அந்தச் சொல்லைத் தகதிமி தகஜொணு என்று வாயால் சொல்லிப் பார். வேகமாகத் தெரிந்ததெல்லாம் கணக்காகப் பிரிந்து நிற்கும். சின்ன வயதில் நீ கொன்னக்கோல் சொல்லி வீட்டையே ரெண்டாக்குவாயே, அதை விடாதே.

எனக்கு நெருக்கமான ஒன்றைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை. ஹெர்பி ஹான்காக் 1973-இல் வெளியிட்ட ‘ஹெட் ஹண்டர்ஸ்’. முதல் உருப்படி ‘கமீலியன்’. அடியில் ஓடுகிற பேஸ் வரியை ஹான்காக் சின்தசைசரில் வாசிக்கிறார். ஒரே வரி, திரும்பத் திரும்ப. அதற்கு மேல் ஒவ்வொருவராக வந்து உட்காருவார்கள். நீ அந்த வரியைக் கிதாரின் கீழ்த் தந்திகளில் கற்றுக்கொள். பிறகு பத்து நிமிஷம், கடிகாரம் வைத்துக்கொண்டு, ஒரு ஸ்வரமும் கூட்டாமல் குறைக்காமல் அதையே வாசி. மூன்றாவது நிமிஷத்தில் அலுக்கும். ஐந்தாவது நிமிஷத்தில் வேகம் உன்னை அறியாமல் ஏறும். ஏழெட்டு நிமிஷத்துக்கு மேல், தாளம் கையை விட்டு உடம்புக்குள் இறங்குவது தெரியும். இதை நான் முப்பது வருஷமாகச் செய்கிறேன், இன்றைக்கும் காலையில் செய்தேன்.

தினம் ஒரு மணி நேரம் கிதார் என்றால், முதல் இருபது நிமிஷம் அது பெட்டியிலேயே இருக்கட்டும். ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள். இன்றைக்கு எதைக் கேட்டேன், புதிதாக என்ன காதில் விழுந்தது என்று ஒரு வரி எழுது. ‘சேம்பர்ஸ் மேலே ஏறுகிற இடத்தில் பியானோ ஒதுங்குகிறது’ என்ற மாதிரி. அந்த ஒரு வரியைத்தான் அன்றைக்குக் கிதாரில் தேட வேண்டும். மற்ற முப்பத்தோரு ஆல்பமும் எங்கேயும் ஓடிப் போகாது.

தீபாவளிக்கு அம்மாவோடு வருகிறாய் அல்லவா? பேஸுக்குப் புதுத் தந்தி மாற்றி வைத்திருக்கிறேன். மாடி அறையில் ஆம்ப்ளிஃபயரும் துடைத்தாயிற்று. ‘ஸோ வாட்’டின் கேள்வியை நான் கேட்கிறேன். அந்த இரண்டு கார்டை நீ பிடி. பதினேழாவது பாரில் நான் தலையசைக்க மாட்டேன்.

அன்புடன்,
மாமா